புங்குடுதீவு நீலம்

எங்கள் படுக்கையறைச் சுவரின் நிறம் புங்குடுதீவிலிருந்து ஒரு கைக்குட்டையில் முடிந்து பஸ்ஸில் வந்தது. சும்மா சொல்லவில்லை. அம்மம்மா வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்து கிடந்த, உள்ளங்கையளவான காரைத் துண்டு அது. இன்றைக்கும் என் அலுமாரிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டாமல் விடமாட்டேன்.

கோண்டாவிலில் வீடு கட்டிக் குடிபுகுந்து ஒன்பது மாதமாகியும் அறைகள் வெள்ளை அடித்தபடியே கிடந்தன. தங்கச்சி கொழும்பிலிருந்து படங்கள் அனுப்பினாள், மச்சாள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பினாள். எல்லாம் வடிவான அறைகள்தான். ஆனால் எங்கள் வெயில் யன்னலால் வந்து விழுகிற விதத்துக்கு அவற்றில் ஒன்றும் ஒத்துவரவில்லை. அந்த நேரத்தில்தான் நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழா வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அன்றைக்குத் திறந்த கண் இன்னும் மூடவில்லை!

பண்ணைப் பாலம் தொடங்கியதுமே ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக் கடல். ஓரிடத்தில் பாசிப் பச்சை, ஓரிடத்தில் தேயிலைச் சாயம், மேகம் விலகினால் வெள்ளித் தகடு. குறிகட்டுவான் துறையில் படகுகளைப் பார்த்தபடி நின்றேன். நீல உடம்புக்குக் காவி விளிம்பு, பச்சைக்கு மஞ்சள் கோடு, உப்புக்காற்றில் இரண்டும் ஒரே அளவில் வெளிறியிருந்தன. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும் என்று நான் மாதக்கணக்காகக் குழம்பிய கேள்விக்கு, அந்தத் துறையில் வரிசையாக விடை கட்டிக் கிடந்தது. நயினாதீவை நெருங்கும்போது ஒரு பக்கம் பல நிறத்தில் கோபுரம், இன்னொரு பக்கம் நாகவிகாரையின் வெள்ளி பூசிய தாதுகோபம். அம்மா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், கண்ணை மூடாமல்.

திரும்பும் வழியில்தான் அம்மா கேட்டாள்: "வீட்டை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவமே பிள்ளை?"

1991 இடப்பெயர்வோடு ஆளில்லாமற் போன வீடு. ஓடும் யன்னலும் எப்போதோ போய்விட்டன. நாற்சார் முற்றத்தின் நடுவே பூவரசு எழும்பி நிற்கிறது. சுவர் மட்டும் அப்படியே. உதிர்ந்த இடங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளை, காவி, அதற்கும் கீழே ஒரு நீலம். அந்த நீலத்தை நான் எப்படிச் சொல்வேன்! விடியப்புறம் வெளிச்சம் வருவதற்குச் சற்று முன் வானம் இருக்குமே, அது. பொங்கலுக்கு முதல் சுண்ணாம்பு நீற்றி, உடுப்புக்குப் போடும் நீலத்தைத் துணியில் முடிந்து கரைத்து, அம்மம்மா தன் கையாலேயே அடிப்பாவாம். அம்மா சுவரில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். நான் குனிந்து காரைத் துண்டைப் பொறுக்கினேன்.

யாழ்ப்பாணத்தில் பெயின்ற் கடையில் அந்தத் துண்டைக் காட்டி மூன்று தரம் கலந்து பார்த்தோம். நிறம் சரிதான், ஆனால் சுவரில் அது வெறும் மட்டமான நீலமாகக் கிடந்தது. கடைசியில் வயதான மேசன் ஐயா ஒருவர்தான் காரணம் சொன்னார்: "இது பெயின்ற் இல்லைப் பிள்ளை, சுண்ணாம்பு. அதுக்குச் சுண்ணாம்புதான் அடிக்க வேணும்." எங்கள் சுவரில் இருந்ததும் வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான் என்பது என்ன அதிர்ஷ்டம்! பிளாஸ்டிக் பெயின்ற் பூசிய சுவரென்றால் இது பிடிக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுண்ணாம்பு நீர் ஈரத்தில் கடும் நீலமாக நின்று, காயக் காய வெளிறும். மெல்லிசாக மூன்று நான்கு பூச்சுப் பூச வேண்டும். முதற்பூச்சைப் பார்த்து நான் அழாத குறை, அவ்வளவு இருட்டாக இருந்தது. அடுத்த நாள் காலை கதவைத் திறந்தால், அறைக்குள் விடியப்புறம் நிற்கிறது!

இதன் சூட்சுமம் பிறகுதான் விளங்கியது. சிப்பியையோ சுண்ணக்கல்லையோ சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. அது சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகிறது. நீலம் அந்தக் கல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் அந்த ஆழம். வேறு பல சாயங்களைச் சுண்ணாம்பின் காரம் தின்றுவிடும், உடுப்பு நீலத்தை ஒன்றும் செய்யாது. அம்மம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது பாருங்கள்.

நிறத்தைத் தன் மண்ணில் தேடுவது எனக்கு மட்டும் வந்த யோசனை அல்ல. கொழும்பில் பெயர்ஃபுட் நெசவு நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி, இலங்கையின் நிலத்திலும் கடலிலும் கண்ட நிறங்களைத்தான் கைத்தறிக்குக் கொண்டுவந்தார். ஊரூராகப் போய்ப் பழைய கட்டிடங்களைக் கையால் வரைந்தவரும் அவர்தான்.

நீலம் தந்த துணிவில் நெடுந்தீவுக்கும் போனோம், இவரும் நானும். தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். அந்த டெல்ஃப்ற் நகரம் நீலமும் வெள்ளையுமான மட்பாண்டத்துக்கும் சுவர் ஓட்டுக்கும் உலகப் புகழ் பெற்றது. எங்கள் டெல்ஃப்ற்றின் அழகோ முருகைக்கல். வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை, சாந்தே இல்லாமல் அடுக்கிய கல்மதில். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறிசு, இடுக்குக்குப் பொடிக்கல். ஒவ்வொரு கல்லிலும் பூவைப்போலப் பவளத்தின் கோலம். நிறம் வெள்ளையுமில்லை, சாம்பலுமில்லை, பொழுது சாயும்போது தேன். குதிரைகளையும் பெருக்க மரத்தையும் பார்க்க வந்தவர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் மதிலைவிட்டு நகரவில்லை.

ஒரு கல்லைக்கூட எடுத்து வரவில்லை. அந்த மதில்கள் அங்கேதான் நிற்க வேண்டும். கடலிலிருந்து முருகைக்கல் உடைப்பதற்கும் சட்டம் இடந்தராது. நான் கொண்டு வந்தது அந்த நிறத்தை. முன்னறைக்கு அதுதான்: சுண்ணாம்பில் ஒரு சொட்டுக் காவி, ஒரு சொட்டுக் கரி.

புறாக்கூட்டையும் கொண்டு வந்தேன்! ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்கிற அந்தச் சின்னக் கட்டிடம், முருகைக்கல்லும் சுண்ணாம்பும், உடம்பெல்லாம் சதுரச் சதுரப் பொந்துகள். பார்த்தவுடனே எங்கள் பழைய வீடுகளின் விளக்கு மாடம் ஞாபகம் வந்தது. இப்போது முன்னறையின் ஒரு சுவரில் பன்னிரண்டு மாடங்கள். கடைசி வரிசைக்குத் தட்டாக, அம்மம்மா வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து கிடந்த பனஞ்சிலாகையை அறுத்து வைத்தோம். கருவைரம் ஓடிய பனை, எண்ணெய் பூசினால் எப்படி மின்னுகிறது தெரியுமா! மூக்குப்பேணி ஒன்று, சங்கு ஒன்று, அப்பாவின் கண்ணாடி. மற்ற மாடங்களை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். நிழலுக்கும் இடம் வேண்டும்.

நெடுந்தீவில் ஒரு ஆச்சி பெட்டி இழைத்துக்கொண்டிருந்தா. மடியில் சத்தகம், பக்கத்தில் வார்ந்த சார்வோலை. எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுக் கை நிற்காமல் கதைத்தா: "ஓலை பதமா இருக்கேக்கை இழைக்க வேணும். காய்ஞ்சா முறியும். சாயம் போட்டதெண்டா வெயிலிலை வைக்காதை பிள்ளை, வெளிறிப்போம்." அவவிடம் ஆறு பெட்டி வாங்கினேன், சாயம் போடாதவை. அதில் ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே சூடேறாத எல்ஈடி குமிழ் ஒன்றைப் பொருத்தி, படிக்கும் மூலைக்குத் தொங்கவிட்டேன். இரவில் போட்டால் இழையின் கட்டமெல்லாம் முகட்டிலும் சுவரிலும் விரிகிறது! மகன் அதன் கீழ் படுத்துக்கொண்டு கட்டம் எண்ணுகிறான்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். சுளகையும் நீற்றுப்பெட்டியையும் ஆணியில் அறைந்து காட்சிக்கு வைக்காதீர்கள். எங்கள் குசினியில் சுளகு புடைக்கிறது, நீற்றுப்பெட்டியில் பிட்டு அவிகிறது, கடகத்தில் வெங்காயம், பனங்கட்டி வந்த குட்டானில் என் காப்பு. கைபட்டுக் கைபட்டு ஓலை பொன்னிறமாகிற அழகு, ஆணியில் தொங்கினால் வராது.

சாப்பாட்டறை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அவசரமில்லை. பங்குனியில் கடல் படுத்ததும் ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகெடுக்கப் போகிறோம். கைக்குட்டையைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டேன்.