சூரியப் பவளமும் வீட்டுத் தொட்டியும்

டியூபாஸ்ட்ரேயா என்னும் சூரியப் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டாம், அதனால் வளர்ப்பது எளிது என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. வெளிச்சம் வேண்டாம் என்பது உண்மை. எளிது என்பது பொய். பல பவளங்களின் திசுவுக்குள் குடியிருந்து ஒளியால் உணவு தயாரிக்கும் பாசி இதற்குக் கிடையாது. முழுச் சாப்பாடும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். கடலில் அதை நீரோட்டம் ஓயாமல் கொண்டுவருகிறது. தொட்டியில் வளர்ப்பவர்தான் கொடுக்கவேண்டும்.

இது நோஞ்சான் உயிரி அல்ல. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய இது, 1980களில் எண்ணெய் மேடைகளில் ஒட்டிக்கொண்டு பிரேசில் கரைக்குப் போய், அங்குள்ள பாறைகளை ஆக்கிரமித்தது. அப்பேர்ப்பட்ட பவளம் கண்ணாடித் தொட்டியில் சதை வற்றி, எலும்பு தெரியச் சாவது பெரும்பாலும் பட்டினியால்தான்.

ஆகவே பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு பாலிப்புக்கும், அதாவது வாயுள்ள ஒவ்வொரு சிற்றுயிருக்கும், தனித்தனியாக ஊட்டும் முறையே சரி என்பேன். உறைந்த மைசிஸ் இறாலை உருக்கி, அலசி, பிப்பெட்டால் மெதுவாக விடவேண்டும். இயல்பாக இரவில் விரியும் பாலிப்புகள், உணவின் வாசனைக்குப் பழகினால் பகலிலும் விரிகின்றன. எந்த வாய் தின்றது, எது தின்னவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. நன்றாகத் தின்ற கூட்டம் இளம் உயிர்களை வெளியிடும். அவை கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிப் புதுப் பவளமாக வளரும். கடலைச் சுரண்டாமல் பவளம் பெருக்க இதைவிட நல்ல வழி எது?

குறையும் இங்கேதான் இருக்கிறது. தின்னாத மிச்சம் அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறுகின்றன. பாஸ்பேட் மிகுந்தால் பாசி படரும். அருகிலுள்ள அக்ரோபோரா போன்ற பவளங்களின் சுண்ணாம்பு எலும்பு வளர்வதும் தடைப்படும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் தவறாத நீர் மாற்றமும் இல்லாத சின்னத் தொட்டி இதைத் தாங்காது. சிலர் பவளத்தை வெளியே எடுத்துத் தனிப் பாத்திரத்தில் ஊட்டுகிறார்கள். தொட்டி நீர் சுத்தமாக இருக்கும். ஆனால் அடிக்கடி கைபட்டால் மென்மையான திசு கிழியும். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் பவளத்தின் மேல் கவிழ்த்து, பாட்டிலின் வாய் வழியாக உணவு விடுவது மேல். தொட்டியிலுள்ள இறால் வந்து பிடுங்கித் தின்பதும் நிற்கும்.

இந்தியாவில் சூரியப் பவளம் உட்படக் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். வளர்க்க அனுமதியுள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் மூன்று நாளாவது பொறுமையாக உட்கார்ந்து ஊட்ட நேரமில்லையென்றால் இந்தப் பவளத்தை வாங்காதீர்கள்.