‘தீபன்’ திரைப்படத்தில் புறநகர் வாழ்வும் முற்சாய்வும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரின் வாழ்வைப் பேசும் படைப்புகள் பெரும்பாலும் இழந்த ஊரையே மையப்படுத்துகின்றன. வந்து சேர்ந்த இடம் எத்தகையது, அங்கே முன்னரே வாழ்ந்தவர் யாவர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015) இவ்வகையில் வேறுபட்டது. கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற இப்படத்தின் உரையாடல்களில் பெரும்பகுதி தமிழிலேயே அமைந்துள்ளது. எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தை ஏற்று நடித்திருக்கிறார். தமிழர் நடித்தனர், தமிழ் ஒலித்தது என்னும் மகிழ்ச்சியோடு நம் மதிப்பீடு நின்றுவிடலாகாது. இப்படம் தமிழரை யாரோடு ஒப்பிட்டு உயர்த்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் களமும்

2009ஆம் ஆண்டு மே மாதம் இலங்கைப் போர் முடிவுற்றது. அப்போரில் தோற்ற போராளி ஒருவன், முன்பின் அறியாத ஒரு பெண், தாய் தந்தையற்ற ஒரு சிறுமி ஆகிய மூவரும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டைக் கொண்டு பிரான்சு சென்றடைகின்றனர். தீபன், யாழினி, இளையாள் என்னும் பெயர்களில் அவர்கள் குடும்பமாக நடிக்க வேண்டியவராகின்றனர். பாரீசின் புறநகரிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீபனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது. அங்கு ஒரு கட்டடம் போதைப்பொருள் விற்போரின் பிடியில் உள்ளது. எவ்வேளையில் எப்படிக்கட்டைத் துப்புரவு செய்யலாம் என்பதைக்கூட அவர்களே முடிவுசெய்கின்றனர்.

இப்படம் புவாசி நகரின் லா குத்ரே குடியிருப்பில் படமாக்கப்பட்டது. புவாசி, கார்த் தொழிற்சாலையால் வளர்ந்த நகராகும். இச்செய்தி கதைக்குப் புறம்பானதன்று. பிரெஞ்சுப் புறநகரின் பெரும் அடுக்குமாடிகள் 1950களிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை எழுப்பப்பட்டவை. குடிசைகளிலும் நெருக்கடியான பழைய வீடுகளிலும் வாழ்ந்த உழைப்பாளர்க்கு அவை புதுமையின் அடையாளமாக விளங்கின. பின்னர், வசதி பெற்றோர் சொந்த வீடு வாங்கி வெளியேறினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் தொழிற்சாலைகளில் வேலைகள் குறைந்தன. 1974இல் தொழிலாளர் குடியேற்றத்தை அரசு நிறுத்தியது. முன்னரே வந்திருந்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் திரும்பிச் செல்லாமல் குடும்பத்தாரை வரவழைத்துக்கொண்டனர். பிறர் விட்டுச் சென்ற வீடுகளே அவர்களுக்குக் கிடைத்தன.

இவ்வரிசைமுறை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. வந்தேறிகள் குடிவந்ததால் ஊர் கெட்டது என்பதே பொதுவழக்கு. உண்மையில் ஊர் கைவிடப்பட்டதனால்தான் பெருமளவில் அவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. காரியத்தைக் காரணமாகக் கொள்ளும் இத்தலைகீழ்ப் பார்வையே முற்சாய்வின் வேர் எனலாம். தீபனுக்கு வேலை கிடைப்பதும் இவ்வாறே. பிறர் விரும்பாத இடத்தில்தான் அவனுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது.

சாளரத்தின் இருபுறம்

இயக்குநர் இவ்வரலாற்றை அறியாதவர் அல்லர் எனினும், படத்தில் அது இடம்பெறவில்லை. தீபனும் யாழினியும் தம் வீட்டுச் சாளரத்தின் வழியே எதிர்க்கட்டட இளைஞர்களைப் பார்க்கின்றனர். நாமும் அச்சாளரத்தின் வழியே மட்டும் பார்க்கிறோம். அவ்விளைஞர்களுக்குத் தாய், பள்ளி, இழந்த வேலை என எதுவும் இல்லை. துப்பாக்கி மட்டுமே உண்டு. தீபனின் வன்முறைக்கு வன்னியின் வரலாறு பின்புலமாகத் தரப்படுகிறது. அவர்களின் வன்முறைக்கோ எப்பின்புலமும் தரப்படவில்லை. 2005ஆம் ஆண்டு அக்டோபரில் கிளிஷி-சூ-புவா என்னும் புறநகரில், காவலர்க்கு அஞ்சி மின்நிலையத்தில் ஒளிந்த இரு சிறுவர்கள் மின்தாக்கி இறந்தனர். அதனைத் தொடர்ந்து பல வாரங்கள் கலவரம் மூண்டு, நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆனால், பத்தாண்டுக்குப் பின் வந்த இப்படத்தின் புறநகரிலோ காவல்துறையே ஏறத்தாழக் காணப்படவில்லை. அரசு கைவிட்ட நிலமாக அன்றி, இயல்பிலேயே அரசற்ற நிலமாக அது காட்சியளிக்கிறது.

இதற்கு விதிவிலக்கான பகுதியும் உண்டு. யாழினி, நோயுற்ற முதியவர் ஒருவர்க்குச் சமைக்கச் செல்கிறாள். அங்கே அவருடைய உறவினனும் கும்பல் தலைவனுமாகிய பிராகிமைச் சந்திக்கிறாள். அவள் தமிழிலும் அவன் பிரெஞ்சிலும் பேசிக்கொள்கின்றனர். ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்குவதில்லை. ஆயினும், இருவருள்ளும் இருக்கும் தனிமை நமக்கு விளங்குகிறது. அவன் காலில் பூட்டப்பட்ட கண்காணிப்புக் கருவியும், அவள் ஏற்றிருக்கும் போலிப் பெயரும் ஒரே வகைச் சிறையின் இருவேறு வடிவங்கள். படம் தன் முற்சாய்வைக் கடந்து நிற்கும் இடம் இதுவே.

வெண்கோடு

படத்தின் திருப்புமுனை, தீபன் இரு கட்டடங்களுக்கிடையே தரையில் வெள்ளைக்கோடு வரைந்து, அதனைத் துப்பாக்கிச் சூடற்ற வலயமாக அறிவிக்கும் காட்சியாகும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னியில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களை இக்கோடு நினைவூட்டுகிறது. மக்கள் திரண்ட அவ்வலயங்கள்மீது அரசுப் படை எறிகணை வீசியதையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் 2011ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு அறிக்கை பதிவுசெய்துள்ளது. எந்தக் கோடு தன் மக்களைக் காக்கவில்லையோ, அதே கோட்டை அயல்மண்ணில் மீண்டும் வரைகிறான் தீபன். இது துயரம் செறிந்த படிமம். இயக்குநர் இப்படிமத்தின் வழியே சென்றிருப்பின் படம் உயர்ந்திருக்கும்.

ஆனால், கோடு விரைவில் போர்முனையாகிறது. தீபன் புகைமண்டிய படிகளில் ஏறி எதிர்ப்பட்டோரை வீழ்த்தி யாழினியை மீட்கிறான். போரால் சிதைந்த மனம் மீண்டும் கொலைக்குத் திரும்புவது, இங்கே வீரமாக உருமாறுகிறது. அடுத்து, இங்கிலாந்தில் வெயில் படர்ந்த தோட்டமும் கைக்குழந்தையுமாகப் படம் நிறைவுறுகிறது. நல்ல அகதி, கெட்ட வந்தேறியை அழித்துத் தன் தகுதியை மெய்ப்பித்துக்கொண்டான் என்னும் பொருளே இம்முடிவில் எஞ்சுகிறது. அத்தோட்டமும் ஐயத்திற்குரியதே. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், புகலிடம் கோரியோர் தங்கியிருந்த விடுதிகள் இங்கிலாந்தின் ராதரம், டாம்வொர்த் ஆகிய ஊர்களில் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் அகதியரில் நல்லவர் யார், தீயவர் யார் என்று தரம்பிரித்துப் பார்க்கவில்லை.

நம் மண்ணிலிருந்து ஓர் ஒப்பீடு

அதே 2015ஆம் ஆண்டில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வுபெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம், 1990களின் தொடக்கம், அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். இங்கே நாம் சாளரத்தின் மறுபுறத்தில் இருக்கிறோம். அச்சத்திற்குரிய இளைஞன் உருவாகும் முன், அவன் கற்பனை மிக்க சிறுவனாக இருந்ததைக் காண்கிறோம். தந்தையின் பிரம்பு, பள்ளியின் புறக்கணிப்பு, குண்டர் வாழ்வின் கவர்ச்சி ஆகியன அவனை எவ்வாறு இழுக்கின்றன என்பது படிப்படியாகக் காட்டப்படுகிறது. மலாய்ச் சொல்லாகிய ‘ஜாஹாட்’ நம்மவர் நாவில் ‘ஜகாட்’ எனத் திரிந்தது. அச்சொல்லைச் சிறுவன்மீது முதலில் சுமத்துவோர் அயலார் அல்லர். அவனைச் சூழ்ந்துள்ள நம்மவரே.

இரு படங்களையும் அருகருகே வைக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பாரீசுப் புறநகரின் அரபு, ஆப்பிரிக்க இளைஞரைத் ‘தீபன்’ எவ்வாறு காண்கிறதோ, அவ்வாறே மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் தமிழ் இளைஞரை இந்நாட்டில் பலர் காண்கின்றனர். முன்னதைக் கண்டு கைதட்டும் நாம், பின்னதைக் கண்டு வருந்துவது முரணாகும்.

முடிவுரை

‘தீபன்’ நடிப்பாலும் மொழியாலும் சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. தமிழ் அகதியின் உள்ளத்தை அது மதித்துக் காட்டுகிறது. அம்மதிப்பை அண்டை வீட்டார்க்கு அது வழங்கவில்லை என்பதே நம் குறை. இப்படத்தை வகுப்பறையில் பயன்படுத்தும் ஆசிரியர், ‘தீபன் வென்றானா?’ என்று வினவுவதைவிட, ‘பிராகிமின் தாய் எங்கே?’ என்று வினவுவது பயனுடையதாகும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவன், தன் குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் பிறர் முகம் மாறுவதன் காரணத்தையும் உணர்வான். புதிதாக வந்து தன் அடுத்த வீட்டில் குடியேறும் அயல்நாட்டுத் தொழிலாளியையும் அவன் வேறு கண்கொண்டு நோக்குவான்.