கதையும் முதலும் ஒருவர் கையில்
கே. சுப்பிரமணியத்தின் திரைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழில் பேசும் படம் 1931-ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வாயிலாகத் தோன்றியது. அதனை அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த படங்களுட் பெரும்பாலானவை, மேடையில் ஆடிய புராண நாடகங்களைக் காமிராவின் முன் நிறுத்தியவையே. கதை எழுதுவோர் சொன்னதை எழுதினர். முதல் போட்டவர் விலைபோவதைக் கேட்டனர். இவ்விரு பொறுப்பையும் தாமே ஏற்று, தாம் எண்ணிய கதைக்குத் தாமே துணிந்து நின்றவர் கே. சுப்பிரமணியம். அவரை 'டைரக்டர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவது வழக்கம். அவர் படங்களின் வலிமையையும் குறையையும் அறிய அச்சொல் போதாது.

சுப்பிரமணியம் 1904-இல் தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழிலுக்குப் பயின்றவர். ஊமைப்படக் காலத்திலேயே ராஜா சாண்டோவுடன் சேர்ந்து, 1930-இல் வந்த 'பேயும் பெண்ணும்' படத்திற்குக் கதையமைப்பு எழுதினார். 1934-இல் அவர் இயக்கிய 'பவளக்கொடி'யில்தான் எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் திரைக்கு அறிமுகமாயினர். பின்பு மதராஸ் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் சொந்தப் படக்கம்பெனியைத் தொடங்கினார். இக்கம்பெனியின் தொடக்கமே அவர் எழுத்துக்கு விடுதலை அளித்தது எனலாம்.

அவ்விடுதலையின் முதற்பெரும் பயன் 1937-இல் வந்த 'பாலயோகினி'. கடனால் சிறைப்பட்ட ஏழை அந்தணரின் மகள், உதவி நாடி சப்கலெக்டர் வீட்டுக்கு வருகிறாள். அவ்வீட்டிலுள்ள கைம்பெண் ஒருத்தி அவளுக்கு இரங்குகிறாள். வீட்டார் இருவரையும் வெளியேற்ற, வேலைக்காரன் முனுசாமியின் குடிசையே அவர்களுக்குப் புகலிடமாகிறது. உயர்குலத்தார் சினந்து அக்குடிசைக்குத் தீ வைக்கின்றனர். இறுதியில் ஒரு சிறுமி தன் வாதத்தால் அனைவர் மனத்தையும் மாற்றுகிறாள்.

கைம்பெண் வேடத்தில் உண்மையாகவே கணவனை இழந்த ஓர் அந்தணப் பெண்மணியைச் சுப்பிரமணியம் நடிக்க வைத்தார். வைதிகர்கள் கூடி அவரைச் சாதியிலிருந்து விலக்கியதாக அறிவித்தனர். பிறர் பணத்தில் பிறர் கதையைப் படமாக்கும் ஒருவர் இத்துணிவைக் காட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே. சிறுமியாக நடித்த பேபி சரோஜாவின் புகழோ நாடெங்கும் பரவியது. பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயரிடும் வழக்கமும் பெருகியது.

எனினும், படத்தைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வு ஆகாது. குடிசை யாருடையது? முனுசாமியுடையது. தீயில் வெந்தது யாருடைய பொருள்? அவனுடையது. ஆயின் நியாயம் பேசும் வாய் அவனுடையதன்று, உயர்குலத்துக் குழந்தையினுடையது. அடைக்கலம் தந்தவன் கதைக்குக் காரணமாகிறானேயன்றிக் கதையின் தலைவனாகவில்லை. கொடுமையை அஞ்சாது எடுத்துக்காட்டிய ஆசிரியர், அதனை அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்தே நோக்கினார்.

இக்குறை மலேசியத் தமிழர்க்கு எளிதில் புலப்படும். கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டங்களுக்குப் பால் மரம் சீவ வந்தவர்களுள் முனுசாமியின் இனத்தார் பலர். கடல் கடந்தும் சாதி அவர்களை விடவில்லை. தோட்டத்து லயங்களிலும் 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்ற பிரிவு இருந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாயை விரித்து அமர்ந்திருந்த தொழிலாளி திரையில் தன்னைத் தேடியிருப்பான். அத்தகையவனுக்கு இக்கதை பாதி விடையே தருகிறது.

1938-இல் வந்த 'சேவாசதனம்' பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது. எம். எஸ். சுப்புலட்சுமியின் முதற்படமும் அதுவே. வயது முதிர்ந்தவனுக்கு மணம் செய்விக்கப்பட்ட இளம்பெண்ணின் துயரம் அதன் பொருள். வடநாட்டுக் கதையைத் தமிழ்க் குடும்பத்தின் கதையாக மாற்றிய வகையில், மொழிபெயர்ப்பாளன் செய்ய வேண்டிய கடமையைத் திரைக்கதை ஆசிரியர் செய்தார்.

அவர் பணியின் உச்சம் 1939-இல் வந்த 'தியாகபூமி'. கல்கியின் கதை 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் உருவாகி வந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே தொடருக்கு அணி செய்தன. எழுத்தும் திரையும் இவ்வாறு கைகோத்து நடந்தது தமிழுக்குப் புதிது. புயலில் வீடிழந்த அரிசனங்களுக்கு இடம் தந்ததால் ஊராரால் ஒதுக்கப்படும் சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன் நடித்தார். இங்கும் புகலிடம் தருபவரே தலைவர். புகலிடம் பெறுவோர் பின்னணியிலேயே நிற்கின்றனர். பாலயோகினியில் கண்ட குறை முற்றும் நீங்கவில்லை.

ஆயின் பெண்ணைப் பொறுத்தவரை ஆசிரியர் ஓர் அடி முன்னேறியுள்ளார். கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பிற்காலத்தில் பெருஞ்செல்வம் அடைகிறாள். கணவன் தன்னோடு வாழ வருமாறு வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுப்பதோடு, வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள். குழந்தையின் மழலையாலோ தெய்வத்தின் அருளாலோ சிக்கல் தீரவில்லை. பாதிக்கப்பட்டவளே தன் வழக்கைப் பேசுகிறாள். சட்டம் பயின்றவரின் கை இக்காட்சியில் தெரிகிறது. முனுசாமிக்குக் கிடைக்காத வாய் சாவித்திரிக்குக் கிடைத்தது. பின்னர் அவளுடைய வழக்கு நாட்டு விடுதலைத் தொண்டில் கரைந்துபோவது வேறு செய்தி.

இப்படம் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி நடந்தபோது வெளிவந்தது. 1939-இறுதியில் அவ்வாட்சி விலகியபின், 1940-இல் பிரிட்டிஷ் அரசு இதனைத் தடை செய்தது. ஒரு கதையின் ஆற்றலை அதன் பகைவர் அறிந்த அளவுக்கு நம் இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் அறியவில்லை.

1940-இல் வந்த 'பக்த சேதா'வில் செருப்புத் தைக்கும் அடியவர் ஒருவரே தலைவரானார். தாழ்த்தப்பட்டவரைக் கதையின் நடுவில் நிறுத்த ஆசிரியர் முயன்றார் என்பதற்கு இது சான்று. ஆயின் அம்முயற்சிக்குப் பக்திக் கதையின் போர்வை தேவைப்பட்டது. சுப்பிரமணியத்தின் கூட்டு முயற்சியில் இயங்கிய ஸ்டூடியோ தீயில் சேதமுற்று ஏலத்திற்கு வர, அதனை எஸ். எஸ். வாசன் வாங்கினார், அதுவே ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. சுப்பிரமணியம் அதன் பின்னும் படங்கள் எடுத்தார், தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையை உருவாக்கியோருள் ஒருவராக விளங்கினார், 1971-இல் மறைந்தார். எனினும் 1937 முதல் 1940 வரை எடுத்த படங்களில் காணும் துணிவு பிற்காலப் படங்களில் அவ்வளவாக இல்லை. சமுதாயத்தைச் சுடும் கதைக்குத் துணிந்த எழுத்தாளன் மட்டும் போதாது, துணிந்த முதலும் வேண்டும் என்பதையே அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

தமிழாசிரியர்கள் நாவலையும் நாடகத்தையும் வகுப்பில் ஆராய்கின்றனர். திரைக்கதையைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகின்றனர். 'தியாகபூமி'யின் படி புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. கல்கியின் நாவலோ நூலகங்களில் எளிதில் கிடைக்கிறது. இரண்டையும் ஒப்புநோக்கும் மாணவன், கதை எப்படிச் சொல்லப்பட்டது என்பதோடு, யார் பேசினர், யார் பேசவிடப்படவில்லை என்றும் கேட்கப் பழகுவான். சாவித்திரியின் வழக்குரையைக் கேட்டபின், முனுசாமி பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவனை எழுதச் சொல்லலாம். சுப்பிரமணியம் தொடங்கிவைத்த பணி அங்கே தொடரும்.