தராசைப் பிடித்திருப்பது யார்?

சென்ற ஆண்டு மகளிர் தினத்துக்கு எங்கள் அலுவலகத்தில் பெண் ஊழியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம். ‘வீட்டையும் வேலையையும் சமநிலையில் வைத்துக்கொள்வது எப்படி?’ என்று என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். அதுதான் தகுதி.

பேசினேன். முந்தின இரவே காய் நறுக்கி வைப்பது, ஞாயிறன்றே வாரத்துக்கு மாவு அரைத்துவிடுவது, எப்படியாவது தினம் இருபது நிமிடம் நடப்பது. நல்ல கைதட்டல். பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய ஆண்களில் மூன்று பேருக்கு என் பிள்ளைகள் வயதில் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மேடையில் நின்றபோது எனக்கும் அது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே நிரம்பி வழியும் அலமாரியில் ஹாட்பாக்ஸுக்கு இடம் தேடியபோதுதான் உறைத்தது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நம் நாட்டு மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவழித்தது 299 நிமிடம். அந்த வேலையைச் செய்த ஆண்கள் செலவழித்தது 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அதாவது ஐந்து வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சமாயிற்று. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாயிற்று. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பெண்ணிடம் மட்டும் சமநிலை பற்றிப் பாடம் கேட்பது என்ன நியாயம்? ஒரு தட்டில் மட்டும் கல்லை ஏற்றிவிட்டு, தராசு ஆடாமல் பிடித்துக்கொள் என்கிறார்கள். ஆடாமல் பிடிப்பவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர். ஆடிவிட்டால் யோகா வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள்.

இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. என் அம்மா சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஆட்டுக்கல்லில் ஆட்டினால் மறுநாள் தோள் தூக்க முடியாது. பிறகு வெட்கிரைண்டர் வந்தது. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வீடு வீடாகப் போயின. அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்கள் ஒருநாளும் ஆட்டுக்கல் முன்னால் உட்காராதவர்கள். தோள்வலி போனது சின்ன விஷயமில்லை. ஆனால் வலி போன இடத்தில் ஓய்வு வரவில்லை, தினசரி இட்லி வந்தது. யார் அரைப்பது என்ற கேள்வியை கிரைண்டர் கேட்கவே இல்லை.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை நான் கல்லூரியில் படித்தேன். கூட்டம் முடிந்த வாரம் மறுபடி எடுத்தேன். ராஜஸ்தானத்துப் பெரிய வீடு, அதன் மூலையில் இருண்ட சமையலறை. அங்கே மருமகளாகப் போன மீனாட்சி, சமையலறைக்கு வெளியே இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். நடப்பது வேறு. அங்கே கொடிகள் கட்டப்படுகின்றன. காயும் துணிகள் எதிரே தெரிந்த மலைகளை மறைத்துவிடுகின்றன. கல்லூரியில் இதைப் படித்து அந்த மாமனார்மேல் எனக்குக் கோபம் வந்தது. இருபது வயதில் கோபப்பட ஓர் ஆண் போதும்.

இப்போது படிக்கும்போது கண்ணில் பட்டவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அதே சமையலறைக்குள் யார் மூத்தவள், யார் கையில் அதிகாரம் என்பதற்காக ஆயுளையே செலவழிப்பவர்கள். அங்கே கிடைக்கும் சின்ன அதிகாரம்தான் அவர்களை அங்கேயே கட்டிப்போடுகிறது. என் ஹாட்பாக்ஸ் பேச்சும் அதுதான் என்று பட்டது. ‘எல்லாவற்றையும் சமாளிக்கிறாள்’ என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் என் கணவரை அடுப்படியில் பத்து நிமிடத்துக்குமேல் நான் நிற்கவிட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது பொய்யாகிவிடும். என் பத்து நிமிடப் பேச்சில் நான் குறிப்பிடாத ஒருவர் இருக்கிறார். பதினொரு வருடமாகக் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் அக்கா. நான் தினம் நடந்த இருபது நிமிடம் அவர் எங்கள் வீட்டில் குனிந்து நின்ற நேரம். என் தராசின் முள் நடுவில் நின்றதற்கு அடியில் அவர் கை இருந்தது. அவர் வீட்டுப் பாத்திரத்தை யார் தேய்க்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

வீட்டுப் பணியாளர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. நாட்டைக் குறை சொல்வது சுலபம். எங்கள் வீட்டிலும் அது அமலில் இல்லை.

ஒருநாள் அவரிடம், “இனி ஞாயித்துக்கிழமை வராதீங்கக்கா, சம்பளம் பிடிக்க மாட்டேன்” என்றேன். ஏதோ பெரிதாகக் கொடுத்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க மட்டும் விட்டா எனக்கு எப்படிக்கா லீவு? மிச்சம் மூணு வீட்டுக்கு வந்துதானே ஆகணும். நாலு வீடும் ஒரே நாள் விட்டாத்தான் அது லீவு.”

நல்ல வாழ்க்கை பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைச் சொன்னதில்லை. அவை எல்லாம் என் உணவு, என் தூக்கம், என் மனம் என்று ஓர் ஆளோடு நின்றுவிடுகின்றன. ஓய்வு தனியாக ஒருத்தி சாதித்துக்கொள்ளும் காரியமில்லை, நாலு வீடு சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு என்பதை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்.

அந்த மூன்று வீடுகளுக்கும் போய்ப் பேசினேன். மூன்றிலும் என்னோடு பேசியது பெண்கள். இரண்டு பேர் சம்மதித்தார்கள். மூன்றாமவர், “அப்ப என் ஞாயித்துக்கிழமை என்ன ஆகிறது?” என்று கேட்டார். அவரும் வேலைக்குப் போகிறவர். அவர் கணவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. ஆனால் கேட்கவேண்டிய ஆளை விட்டுவிட்டு அவர் என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் மகனும் அவன் அப்பாவும் தேய்க்கிறார்கள். குக்கர் மூடியில் பிசுக்கு அப்படியே இருக்கிறது. எடுத்து மறுபடி தேய்க்கக் கை பரபரக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். அக்கா இன்னும் ஞாயிறுதோறும் அந்த ஒரு வீட்டுக்கு வந்து போகிறார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு மறுபடி போகப் போகிறேன். இந்த முறை கூடத்தில் இருப்பவரிடம் பேசவேண்டும்.