சின்னரி தீட்டிய சிறார்

சைனிக்புரிவாழ் தமிழராகிய நம்மிற் பலர் கோட்டியிலுள்ள பழைய ரெசிடென்சி மாளிகையைக் கண்டிருப்போம். அதனை எழுப்பிய ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் ஹைதராபாத் மங்கை கைருன்னிசாவுக்கும் பிறந்த மக்கள் இருவரை, 1805-இல் சென்னையில் ஜார்ஜ் சின்னரி ஓவியமாகத் தீட்டினார். அவர் லண்டன் ராயல் அகாதமியில் பயின்றவர். குடிப்பெருமையைப் பறைசாற்றுவதே அன்றைய ஆங்கில உருவப்பட மரபு. இங்கும் ஹைதராபாத் உடையும் முத்துமாலையும் மின்னுகின்றன. ஆயினும் அண்ணன் நம்மை நேரே நோக்க, தங்கையோ விழி தாழ்த்துகிறாள். பகட்டினூடே பிரிவைக் காட்டியதே சின்னரியின் வெற்றி எனலாம்.

அவ்வாண்டே சிறார் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். பெயர்கள் மாறின, தாயை அவர்கள் மீண்டும் காணவேயில்லை. பல்லாண்டு கழித்து, அங்கே ஒரு மாளிகையில் இவ்வோவியத்தைக் கண்ட மகள் கண்ணீர் சொரிந்தாள். அவளுக்கு எஞ்சியது படமே. ஊர் பெயர்ந்து வாழும் நாம் நம் மக்களுக்குத் தாய்மொழியையே எஞ்சவிடுவோம்.