வங்கியாளர் கண்ணில் தெரியும் குதிரை

குதிரைப் பந்தயத்தையும் பணத்தையும் பிணைத்துக் கொலைக்கதை எழுதியவர்களில் டிக் பிரான்சிஸுக்கு நிகரானவர் இல்லை. 1953-54 பருவத்தில் பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயங்களில் முதலிடம் பிடித்த ஜாக்கி அவர். அவருடைய எழுத்து முறையின் பலம், பலவீனம் இரண்டையும் 1982இல் வந்த ‘பேங்கர்’ நாவலில் தெளிவாகப் பார்க்கலாம்.

டிம் எக்கடெரின் லண்டன் வங்கியொன்றில் கடன் விண்ணப்பங்களை எடைபோடும் இளைஞன். சாண்ட்காசல் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையைப் பொலிகுதிரையாக வாங்க, பண்ணைக்காரர் ஒருவருக்கு 50 லட்சம் பவுண்டு கடன் கிடைக்க வழிசெய்கிறான். பொலிக்கட்டணத்தில் கடன் அடைந்துவிடும் என்பது கணக்கு. குதிரை செத்தாலும் காப்புறுதி உண்டு, மலடானாலும் உண்டு. ஆனால் மறுவருடம் குட்டிகள் ஊனமாகப் பிறக்கின்றன. அதற்குக் காப்புறுதி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில்தான் பிரான்சிஸின் கெட்டிக்காரத்தனம். பெட்டைக்குதிரை சுமப்பது ஏறத்தாழ 11 மாதம். ஒரு பருவத்தில் செய்த குற்றம் அடுத்த பருவத்தில்தான் தெரியவரும். அதனால் நாவலையே மூன்று ஆண்டுகளாகப் பிரித்திருக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுந்தாக வேண்டும் என்று மாத நாவல்களில் பழகிய நமக்கு இந்த நிதானம் புதிது. வட்டி ஏற ஏற நமக்கும் வயிற்றைக் கலக்குகிறது. தொழில் விவரங்களை அகற்றிவிட்டால் கதையே நிற்காது. இதைச் சாதித்த குற்றக்கதை எழுத்தாளர்கள் மிகக் குறைவு.

குறை, கதை எங்கிருந்து சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது. வங்கி கடைசிவரை கண்ணியமான இடமாகவே இருக்கிறது. கெடுதல் முழுவதும் ஒரு மனிதனின் பேராசையில் வந்து முடிகிறது. அவன் அகப்பட்டதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. லாயத்தில் வேலை செய்கிறவர்கள் மேல் சந்தேகம் விழுகிறது, விலகுகிறது. அவர்களுடைய சம்பளம், கடன், வீட்டுக் கவலை எதுவும் கதைக்குள் நுழைவதில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தஞ்சோங் மாலிமில் உட்கார்ந்து படிக்கும்போது இந்தக் குறை உறுத்துகிறது. நாம் பந்தயப் பணத்தைக் கீழிருந்து பார்த்தவர்கள். ஈப்போ பந்தயத் திடல், நாலு நம்பர் லாட்டரிக் கடை, ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடன் என்று அதன் சுவடு எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. பெரிய நிதி விளையாட்டும் நமக்குத் தெரிந்ததுதான். 1950களில் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சட்டத்துக்கு உட்பட்ட விற்பனையிலேயே தொழிலாளர்கள் வேலையையும் லயன் வீட்டையும் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். தோட்டத் துண்டாடல் போன்ற அழிவில் கைகாட்ட ஒற்றைக் குற்றவாளி கிடைக்கமாட்டான். பிரான்சிஸின் கதைச்சட்டகம் அதைத் தாங்காது.

ஆனாலும் ‘பேங்கர்’ நாம் கற்றுக்கொள்ள வேண்டிய நாவல். பேராக்கில் எழுதுகிற இளைஞர்களே, அவரைப் போலத் தொழிலை அடிமுதல் தெரிந்துகொள்ளுங்கள். கடன் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். பிறகு லாயத்தில் வேலை செய்யும் ஒரு சைஸ், அதாவது குதிரைக்காரன், தன் வாயால் சொல்லும் ஈப்போ கொலைக்கதையை எழுதுங்கள்.