சாவியைத் தடிப்பாக்கினால் போதுமா?

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த டிசைன் டேட்டா புத்தகத்தைப் புரட்டாமல் நம்ம பக்கம் மெக்கானிக்கல் படித்து முடித்தவர்கள் குறைவு. அதில் வரும் கீவே அட்டவணை பற்றி ஒரு குறை. அட்டவணை சரிதான், நாம் வாசிக்கிற விதம்தான் சரியில்லை.

அட்டவணை கேட்பது ஷாஃப்ட் விட்டத்தை மட்டும். 30க்கு மேல் 38 மி.மீ. வரை என்றால் சாவி 10 அகலம், 8 உயரம். நெருப்பெரிச்சலில் ஒரு யூனிட்டில் ஓடும் 10 எச்.பி. மோட்டாருக்கு 38 மி.மீ. ஷாஃப்ட், இதே சாவி. 1,440 சுற்றில் முறுக்குவிசை சுமார் 50 நியூட்டன் மீட்டர்.

இப்போது செவர்லே ஸ்மால் பிளாக் கிராங்கைப் பாருங்கள். முனை ஏறக்குறைய 32 மி.மீ.; சாவியோ 3/16 அங்குலம், 5 மி.மீ.கூட இல்லை. அதில் சூப்பர்சார்ஜர் மாட்டி, 6,000 சுற்றில் அது 60 கிலோவாட் இழுக்கிறது என்று வைப்போம். 95 நியூட்டன் மீட்டர். முறுக்கு இரண்டு மடங்கு, சாவி பாதி! ஆனால் 30 மி.மீ. நீளச் சாவிக்குக் கணக்குப் போட்டால் வெட்டுத்தகைவு சுமார் 40 மெகாபாஸ்கல்தான் வரும். எஃகு அதைத் தாராளமாகத் தாங்கும்.

அப்புறம் ஏன் அறுந்து போகுது? ஹப் லூசாக இருப்பதால். சாவியின் முதல் வேலை இடம் காட்டுவது. சுமையைத் தாங்க வேண்டியது ஹப்பின் இறுக்கப் பொருத்தமும் நடு போல்ட்டும். பிற்கால எல்.எஸ். எஞ்சின்களில் டாம்பருக்கு ஜி.எம். சாவியே வைக்கவில்லை. ஹப் நூலளவு ஆடினாலும் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும், ஆக்சிலரேட்டரை விடும்போது ரோட்டரின் எதிர் உந்தமும் சாவியைச் சுத்தியல் மாதிரி அடிக்கும். சராசரி முறுக்கை வைத்துப் போட்ட கணக்கில் இந்த அடி வராது.

எதிர்ப்பக்கம் 180 டிகிரியில் இரண்டாவது கீவே வெட்டுவது பழைய வழக்கம். நல்லதுதான். ஆனால் கிராங்கிலும் ஹப்பிலும் கோணம் துளி தப்பினால் ஒரு சாவியே முழுச் சுமையையும் எடுக்கும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். அட்டவணையைப் பார்த்து 10 மி.மீ. காடி போடுவது அதைவிட மோசம்: முனை மெலியும், கூர்மூலையில் விரிசல் தொடங்கும்.

இதையெல்லாம் நெருப்பெரிச்சல் பட்டறை அண்ணன் ஒருவரிடம் சொல்லி, முதலில் ஹப் துளையை அளங்க என்றேன். சிரித்தார். "போர் டயல் இருக்குதுங்க தம்பி. ஆனா வர்றவங்க சாவி மட்டும்தான கேக்கறாங்க?"